சுங்கை சிப்புட்டுக்குப் போன மலர் வளையம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஞாயிறு பிற்பகல் 2.30-க்கு நல்லுடலை வீட்டிலிருந்து எடுத்தார்கள். மலர் வளையம் 3.50-க்கு வந்தது. பணம் வாங்கிய நிறுவனத்தின் ஏட்டில் இது நேரத்தோடு முடிந்த ஆர்டர். மாலை 6 மணிக்குள் சேர்ப்போம் என்பதுதான் அவர்கள் போட்டிருந்த நிபந்தனை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் வைத்தே சேர்த்துவிட்டார்கள்.

இறந்தவர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். அனுப்பியவர்கள் அவரிடம் படித்துவிட்டு இப்போது கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையில் ஆர்டர் எடுக்கிறேன். வெளியூருக்கு அனுப்புவது, வெளியூரிலிருந்து வருவதை வாங்கிச் செய்து கொடுப்பது எல்லாம் என் மேசையில்தான் நடக்கும். அந்த மாணவர் குழுவின் பொருளாளர் நவராத்திரிக்கு எங்கள் கடையில்தான் பூ வாங்குவார். ரசீதையும் போனில் இருந்த படங்களையும் காட்டி, "அண்ணே, இதுல யாரு மேல தப்புன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டார்.

பார்த்தேன். சம்பந்தப்பட்ட கடைகளில் இரண்டோடு பேசினேன். யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. ஊரை மட்டும் மறைக்கவில்லை, ஊர் தெரியாவிட்டால் பூ எந்த வழியாகப் போகிறது என்பது விளங்காது. (எங்கள் கடை இருக்கும் ஜாலான் துன் சம்பந்தன் என்ற சாலைக்குப் பெயர் தந்த அரசியல் தலைவர் 1919-இல் பிறந்ததும் இந்தச் சுங்கை சிப்புட்டில்தான். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு, அவருடைய ஊருக்கு ஒரு வளையம் ஒழுங்காகப் போகவில்லை என்றால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.)

நடந்தது

சனிக்கிழமை இரவு வாட்சாப் குழுவில் செய்தி வந்தது. ஞாயிறு பகல் சடங்கு, 2.30-க்கு மின்சுடலைக்குப் புறப்பாடு. நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். இன்று இரவு இறந்தால் நாளைக்கே எடுத்துவிடுவார்கள். பூ அனுப்ப நினைப்பவருக்குக் கையில் இருப்பது ஓர் இரவும் ஒரு காலையும்தான், அந்த இரவில் கடைகள் மூடிக் கிடக்கும்.

பொருளாளர் கூகளில் ஊர்ப் பெயரோடு பூக்கடை என்று தேடினார். முதலில் வந்த பக்கத்தில் ஊரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு கடையின் படமும் இருந்தது. உள்ளூர்க் கடை என்றே நம்பி ஐந்தடி ஸ்டேண்ட் (காலூன்றி நிற்கும் மலர் வளையம்) ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளையும் மஞ்சளும் கலந்த சாமந்தி, நடுவில் லில்லி. ஸ்டேண்டுக்கு 380 ரிங்கிட், சேர்ப்புக் கட்டணம் 40, மொத்தம் 420. குறிப்பு எழுதும் கட்டத்தில், பிற்பகல் 1 மணிக்குள் வேண்டும், 2.30-க்கு எடுக்கிறார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அந்த ஸ்கிரீன்ஷாட்டை நானே பார்த்தேன்.

அந்தப் பக்கத்துக்குப் பின்னால் கடை எதுவும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அலுவலகம் இருக்கிறது. ஞாயிறு காலை அங்கே ஆள் வந்து கணினியைத் திறந்ததும் ஆர்டர் ஈப்போவில் இருக்கும் ஒரு கூட்டாளிக் கடைக்குப் போனது. ஈப்போ கடைக்கு அன்று கல்யாண வேலை தலைக்கு மேல். அவர்கள் 10.40-க்கு அதைச் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு சீனக் கடைக்கு வாட்சாப்பில் தள்ளிவிட்டார்கள். அந்தக் கடைக்கார அம்மாள் எனக்கு அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: சிம்பதி ஸ்டேண்ட், ஐந்தடி, வெள்ளை மஞ்சள், ஞாயிறு, மாலை 6-க்குள், முகவரி, ரிப்பனுக்கான வாசகம்.

1 மணி என்ற பேச்சே இல்லை. முதல் அலுவலகத்தின் கணினியில் வாடிக்கையாளர் குறிப்புக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. கூட்டாளிக்கு அனுப்பும் படிவத்தில் அந்த இடம் இல்லை. எழுதியது அங்கேயே தங்கிவிட்டது.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது அடுத்து அந்த அம்மாள் சொன்னது. அதே வீட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் கேட்ட இரண்டு ஸ்டேண்டுகளை அவர் காலையில் கட்டிக்கொண்டிருந்தார். சீட்டில் அதே முகவரியைப் பார்த்ததும், இதையும் சேர்த்தே அனுப்பிவிடட்டுமா என்று ஈப்போ கடையைக் கேட்டிருக்கிறார். சேர்த்து அனுப்புவதென்றால் ஒரு கடைத்திறப்புக்குக் கட்டிக்கொண்டிருந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதைக் கட்ட வேண்டும். அதற்கு யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஈப்போ கடை அலுவலகத்தைக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் இருந்த ஒற்றை ஆள் மற்ற ஆர்டர்களுக்கு நடுவில் 2.50-க்குப் பதில் போட்டார்: சீட்டில் உள்ளபடி செய்யவும். அப்போது சவ ஊர்தி புறப்பட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது.

கடையிலிருந்து அந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பத்து நிமிடம்தான். பிக்கப்பில் ஸ்டேண்டைக் கட்டிக்கொண்டு அவருடைய கணவர் போய் இறங்கியபோது ஆண்கள் எல்லாரும் மின்சுடலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எடுத்த பிறகு வரும் வளையத்தை யாரும் வீட்டுக்குள் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது என்பார்கள். அவரும் அதைப் புரிந்துகொண்டு வேலி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, விதிப்படி ஒரு படம் எடுத்து அனுப்பினார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூவில் ஒரு குறை சொல்ல முடியாது. சாமந்தியின் நடுக்கண் இன்னும் பச்சையாக, இறுக்கமாக இருந்தது, அன்றோ முந்தின நாளோ வந்த பூ என்பதற்கு அதுவே சாட்சி. பூ செருகும் பச்சை நுரைக்கட்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் கறை பட்டிருந்தது. நன்றாக ஊறவைத்திருக்கிறார். அந்தக் கட்டியை வாளித் தண்ணீரில் போட்டு அதுவாக அமிழும்வரை விட வேண்டும். அவசரத்தில் கையால் அழுத்தினால் உள்ளே காற்று நின்றுவிடும், அங்கே குத்திய தண்டு இரண்டு மணி நேரத்தில் தலை தொங்கும். இந்த அம்மாள் அழுத்தவில்லை. லில்லிக்குப் பதிலாக வெள்ளை ஜெர்பரா வைத்திருந்தார், அதுவும் சரியான தீர்மானம்தான். லில்லி மொட்டாக வந்து கடையில் இரண்டு நாள் இருந்தால்தான் விரியும். சிறிய ஊர்க் கடையில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று விரிந்த லில்லி காத்துக்கொண்டிருக்காது.

ரிப்பனைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அறிவுக்கண் திறந்த ஆசானுக்கு என்று தொடங்கும் தமிழ் வரியை மாணவர்கள் யோசித்து எழுதியிருக்கிறார்கள். ரிப்பனில் வரிசையாக வெற்றுக் கட்டங்கள். மூன்று கணினி கைமாறியதில் எங்கோ தமிழ் எழுத்துரு உடைந்துவிட்டது. தமிழ் படிக்கத் தெரியாத கடைக்காரருக்கு அது உடைந்த எழுத்து என்று தெரியவும் வழியில்லை. வந்ததை வந்தபடி அச்சடித்திருக்கிறார்.

பணம் போன வழி

420 ரிங்கிட்டில் ஈப்போ கடைக்கு 290 போயிருக்கிறது. அங்கிருந்து சுங்கை சிப்புட் கடைக்கு 230, சேர்ப்புக் கூலியும் அதற்குள்தான். ஆக, வளையத்தைக் கட்டி வண்டியில் கொண்டுபோய் வைத்தவருக்குக் கிடைத்தது பாதிக்குக் கொஞ்சம் மேல். மீதி 190 வழியிலேயே நின்றுவிட்டது. நேராகப் போன் செய்திருந்தால் இதே ஸ்டேண்டை என்ன விலைக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். 250, வண்டிக் கூலியோடு என்றார்.

இதைக் கேட்டதும் பொருளாளர் கொதித்துப்போனார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கூகளில் முதலில் வருவதற்கு அந்த நிறுவனம் காசு கொட்டுகிறது, கார்டுக் கழிவு கட்டுகிறது, இரவு 9.40-க்கு எல்லாக் கடையும் மூடியிருந்தபோது ஆர்டர் வாங்க அதுதான் இருந்தது. அதற்கெல்லாம் விலை உண்டு. ஆனால் உள்ளூர்க் கடை மாதிரி முகப்பு வைத்துக்கொண்டு உள்ளூரில் யாரையும் தெரியாமல் இருப்பது வேறு விஷயம். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் கூட்டாளிகள் மூலம் சேர்ப்போம் என்று இருந்ததாம். இரவில், அழுத கண்ணோடு யார் அதைத் தேடிப் படிப்பார்கள்?

ஆர்டரைக் கைமாற்றுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. நூறு ஆண்டுக்கும் மேலாக இந்தத் தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஜெர்மனியில் மாக்ஸ் ஹியூப்னர் என்ற பூக்கடைக்காரர் 1908-இல் இதற்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1910-இல் சில கடைக்காரர்கள் சேர்ந்து, ஆர்டரைத் தந்தியில் அனுப்பி அந்தந்த ஊர்க் கடையில் கட்டிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். இன்டர்ஃபுளோரா என்று நமக்குத் தெரிந்த பெயர் இந்த வழியில் வந்ததுதான். ஆர்டர் பிடித்த கடைக்கு 20, கட்டிக் கொடுக்கும் கடைக்கு 80, அதில் அமைப்புக்குக் கொஞ்சம் கழிவு என்பது நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்கில் பார்த்தால், கழிவு போவதற்கு முன், 420-இல் 336 சுங்கை சிப்புட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அந்தப் பழைய ஏற்பாட்டில் பணத்தைவிட முக்கியமான ஒன்று இருந்தது. ஆர்டர் பிடிப்பவரும் பூக்கடைக்காரர். துக்க வீட்டுக்கு என்று சொன்னதும் அவர் வாயில் முதலில் வரும் கேள்வி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதுதான். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு, இருந்தாலும் அந்த நேரத்தை விட்டுவிட்டுத் தந்தி அடிக்க ஒரு பூக்கடைக்காரருக்குக் கை வராது. அந்த அமெரிக்க அமைப்பு கடைக்காரர்களின் கையிலிருந்து 1994-இல் முதலீட்டாளர்களின் கைக்குப் போனது. இப்போது நடுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பூ கட்டியவர்கள் இல்லை. நம் ஊரிலும் அதே கதைதான்.

பூ போகும் வழி

பொருளாளர் இன்னொன்று கேட்டார். உங்கள் கடையிலேயே கட்டி வேனில் அனுப்பியிருக்கலாமே?

அனுப்பலாம். இங்கிருந்து சுங்கை சிப்புட் 200 கிலோமீட்டருக்கு மேல். வேன் வாடகையே ஸ்டேண்டின் விலையைத் தாண்டும். அதைவிட வேடிக்கை, அந்தச் சாமந்தி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தெரியும். நம் கடைகளில் இருக்கும் சாமந்தியில் பெரும்பகுதி கேமரன் மலையில் விளைகிறது. இரவில் அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள், மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசை வரிசையாக விளக்கெரிந்துகொண்டிருக்கும். சாமந்தி நாள் குறுகி இரவு நீண்டால் பூக்கும் செடி. விளக்கைப் போட்டு இரவைக் குறைத்தால் பூக்காமல் தண்டு நீண்டு வளரும், வேண்டிய நேரத்தில் விளக்கை அணைத்தால் மொட்டு வைக்கும். அதனால்தான் ஆண்டு முழுவதும் சாமந்தி கிடைக்கிறது.

கேமரன் மலையில் கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டப் பூ சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கும். ஈப்போவிலிருந்து வடக்கே கோல கங்சார் போகும் பழைய சாலையில்தான் சுங்கை சிப்புட், அரை மணி நேரத் தொலைவு. அதே பூ தெற்கே கோலாலம்பூருக்கு லோரியில் வந்து, மொத்தக் கடையில் இறங்கி, எங்கள் கடை வாளியில் ஓர் இரவு நின்று, அப்புறம் மறுபடியும் வடக்கே ஈப்போவைத் தாண்டிப் போவதென்றால் அதற்கு என்ன அர்த்தம்? சுங்கை சிப்புட் கடையின் வாளியில் இருக்கும் சாமந்தி என் வாளியில் இருப்பதைவிட ஒரு நாள் இளையது. சிறிய ஊர்ப் பூ என்றால் வாடல் பூ என்று கோலாலம்பூரில் ஒரு நினைப்பு இருக்கிறது. பேராக்கைப் பொறுத்தவரை அது தலைகீழ்.

மல்லிகைக்கு இது பொருந்தாது. நமக்கு வரும் மல்லிகையில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. விடியுமுன் மொட்டாகப் பறித்து, ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். அந்தப் பூ முதலில் வந்து இறங்குவது இந்தப் பக்கம். அங்கிருந்துதான் சிறிய ஊர்களுக்குப் பிரிந்து போகும். மார்கழிப் பனியில் அங்கே விளைச்சல் குறைந்தால் மதுரையில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும், நம் பக்கம் முழம் சுருங்கும். சுங்கை சிப்புட்டில் மல்லிகை கிடைக்குமா என்பது அன்றன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இணையப் பக்கத்தில் இருக்கும் படத்துக்கு அது தெரியாது.

16-ஆம் நாள்

குழுவுக்கு மனது ஆறவில்லை. கருமக்கிரியைக்காவது ஒழுங்காக ஒன்று செய்ய வேண்டும் என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இந்த முறை சீனக் கடைக்குப் போகவில்லை. அந்த அம்மாள் மேல் குறையில்லை, ஆனால் கருமக்கிரியைக்கு வேண்டியது ஸ்டேண்ட் இல்லை. சிறிய ஊர்களில் இரண்டு வகைக் கடை இருக்கும். ஸ்டேண்டும் பூங்கொத்தும் கட்டும் கடை ஒன்று. கோயில் பக்கத்திலோ பாசார் (சந்தை) ஓரத்திலோ மாலை கட்டும் கடை இன்னொன்று. இணைய நிறுவனங்களின் பட்டியலில் இருப்பது அநேகமாக முதல் வகை மட்டும்தான். மாலைக் கடைக்குப் பலகைகூட இருக்காது. போன் எண் கோயில் அலுவலகத்தில் இருக்கும், கூடாரம் வாடகைக்கு விடுபவரிடம் இருக்கும். நான் கூடாரக்காரரிடம் வாங்கினேன். துக்க வீட்டாரைத் தொந்தரவு செய்யாமல் விவரம் வாங்க அவரைவிட நல்ல ஆள் கிடையாது. எந்த வீடு, எத்தனை நாற்காலி, எப்போது பிரிக்கிறார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும்.

மாலைக்கார அக்காவிடம் முகவரியைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"வாத்தியார் வீடுதானே? தெரியும் தம்பி. என் மூத்தவன் அவர்கிட்டதான் படிச்சான். என்ன வேணும், சொல்லு."

படத்துக்கு ஒரு பெரிய ரோஜா மாலை என்றேன்.

"அது வேணாம்யா. படத்துக்கு மாலை மகன் சொல்லிட்டாரு. நீங்களும் ஒண்ணு கொடுத்தா எதைப் போடுறது, எதை எடுத்து வைக்கிறது? வீட்டுக்காரங்களுக்குச் சங்கடம்."

அப்படியென்றால் என்ன அனுப்பலாம் என்று கேட்டேன்.

"உதிரிப்பூ கொடுங்க. வர்றவங்க எல்லாரும் படத்துக்கிட்ட வந்து ரெண்டு பூ போட்டுக் கும்பிடுவாங்க. அதுக்குத்தான் எப்பவும் பத்தாம போகும். தட்டு நானே கொண்டுபோய் வைக்கிறேன். உங்க பேருக்குச் சின்னதா ஒரு சம்பங்கி மாலை கட்டுறேன், படத்துக்குக் கீழ விளக்கைச் சுத்திப் போடலாம்."

மல்லிகை கலக்க முடியுமா என்றதற்கு, இந்த வாரம் பெட்டி சரியாக வரவில்லை, வந்ததும் பழுத்துப்போயிருக்கிறது, அதை நம்ப வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இணைய நிறுவனத்தின் விதியிலும் இதற்கு ஒரு வரி உண்டு: பூ கிடைக்காவிட்டால் அதே மதிப்புள்ள வேறு பூ வைக்கப்படும். அந்த வரியைப் படித்து யாருக்காவது எந்தப் பூ வரும் என்று தெரியுமா?

ஐந்து நிமிடப் பேச்சில் என் ஆர்டரை அவர் முழுக்க மாற்றிவிட்டார். நான் கேட்டதை அப்படியே செய்திருந்தால் அவருக்கு வரும்படி அதிகம். பெரிய ரோஜா மாலைக்கு உதிரிப்பூவைவிட இரண்டு மடங்கு வாங்கலாம். அவர் மறுநாளும் அந்தத் தெருவில் நடக்க வேண்டியவர், வீட்டாரின் சங்கடம் அவருடைய சங்கடமும்தான். உள்ளூர்க் கடைக்காரரிடம் நாம் காசு கொடுத்து வாங்குவதில் பூவுக்குச் சமமாக இந்த விவரமும் இருக்கிறது. அது பேச்சில்தான் வரும். முதல் ஆர்டரில் சீனக் கடைக்கார அம்மாளிடமும் இதே விவரம் இருந்தது, இதே வீட்டுக்கு இரண்டு ஸ்டேண்ட் போகிறதே என்று அவர் கேட்கவும் செய்தார். கேட்ட கேள்வி மாணவர்கள் காதுக்கு வந்து சேர வழி இல்லாமல் இருந்தது. இரண்டு இடைக்காரர்களும் தங்கள் வாடிக்கையாளரின் எண்ணைக் கீழே கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அடுத்த முறை நேராகப் போய்விடுவார்களே என்ற பயம். வியாபாரமாகப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டேண்ட் வேலியில் சாய்ந்து நின்றதற்குக் காரணம் தூரமோ பூவோ கிடையாது, அந்தப் பயம்தான் என்பது என் முடிவு. பொருளாளரிடமும் அதைத்தான் சொன்னேன்.

வாசகத்துக்கு இந்த முறை எழுத்துருவை நம்பவில்லை. மாணவர்களின் அதே வரியை எங்கள் கடையில் தட்டச்சு செய்து, படமாக மாற்றி வாட்சாப்பில் அனுப்பினேன். அக்காவின் மகன் அதைப் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் அச்சடித்துச் சட்டம் போட்டு வைத்தார். தமிழ் தெரியாத கடையிலும் இது பலிக்கும். அவர்களுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை, படத்தை அச்சடித்தால் போதும். கடைகளுக்கு இடையே தமிழ் வாசகம் அனுப்பும்போது இப்போது எங்கள் கடையில் வேறு எந்த முறையும் கிடையாது.

உதிரிப்பூ, சம்பங்கி மாலை, தட்டு, கொண்டுபோய் வைப்பது எல்லாம் சேர்த்து 150 ரிங்கிட் சொன்னார். 50-ஐ முதலில் டுயிட்நவ்வில் (போன்வழி வங்கிப் பணமாற்று) அனுப்பச் சொல்லி, மீதியைப் பூ போன பிறகு வாங்கிக்கொண்டார். முன்பணம் கேட்பதைச் சிலர் அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். முகம் தெரியாத ஆள் போனில் சொன்னதை நம்பி மொத்தக் கடையில் பூவை எடுத்துவிட்டு, கடைசியில் அந்த ஆள் போனை எடுக்காவிட்டால், பூ இரண்டு நாளில் குப்பை. முன்பணம் கேட்பவர் தொழில் தெரிந்தவர்.

காலை 9 மணிக்குத் தட்டின் படம் வந்தது. சாமந்தியைக் காம்போடு வைக்காமல் தலையை மட்டும் கிள்ளி, ரோஜா இதழோடு கலந்து, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்திருந்தார். காம்பு இருந்தால் போடுகிறவர் கையில் சிக்கும், படத்தின் மேல் விழாமல் உருண்டு ஓடும். இது சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

இந்த வழியில் சரிப்படாதவை

எல்லாரும் மாலைக்காரரைத் தேடிப் பிடித்துப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இதில் சிக்கல் உண்டு. அந்த அக்கா ரசீது தர மாட்டார். கம்பெனிப் பெயரில் அனுப்பிக் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்கு அது ஆகாது. பிறந்தநாளுக்கு லில்லியும் சாக்லேட்டும் சேர்த்துக் கட்டிக் கொடு என்றால் அவரிடம் சரக்கு இல்லை, அதற்குச் சீனக் கடைதான். செவ்வாய்க்கிழமை இரவு 10 மணிக்குப் போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். இடைத்தரகு நிறுவனத்தின் பக்கம் அப்போதும் திறந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் இணையத்தில்தான் போட வேண்டுமென்றால், குறிப்புக் கட்டத்தை நம்ப வேண்டாம். நேரத்தை வாசகத்துக்கான இடத்திலேயே முதல் வரியாக ஆங்கிலத்தில் போட்டுவிடுங்கள், 2.30-க்கு எடுக்கிறார்கள் என்று. வாசகம் மட்டும் எத்தனை கை மாறினாலும் கீழே போய்ச் சேரும், அதை அச்சடித்தாக வேண்டுமே. கட்டுகிறவர் அதைப் பார்த்ததும் விவரம் புரிந்து அந்த வரியை விட்டுவிட்டு அச்சடிப்பார். கொஞ்சம் கோணல் வழிதான், ஆனால் வேலை செய்கிறது. பெறுபவரின் போன் எண்ணுக்குத் துக்க வீட்டாரின் எண்ணைப் போடாதீர்கள். கூடாரக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், தூரத்து உறவினர் ஒருவர் என்று போனை எடுக்கும் நிலையில் இருப்பவரின் எண் வேண்டும். பூவின் பெயரைச் சொல்லாமல் நிறத்தையும் தொகையையும் சொல்வது நல்லது. லோரி வந்து எத்தனை நாள் ஆனது, வாளியில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது கட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

பணம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு: பாதி கிடைத்தது. குறிப்புக் கட்டத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், வாட்சாப் செய்தியில் இருந்த சடங்கு நேரத்தையும், வேலியில் நின்ற ஸ்டேண்டின் படத்தையும் ஒன்றாக வைத்துப் பொருளாளர் எழுதிக் கேட்டார். முதலில் விதியைக் காட்டினார்கள். ரிப்பனில் எழுத்தே இல்லாத படத்தை அனுப்பிய பிறகு 210 ரிங்கிட் திருப்பிப் போட்டார்கள். அதிலிருந்து 150 எடுத்துத்தான் உதிரிப்பூவுக்குக் கொடுத்தார்கள். மீதி 60 குழுவின் கணக்கில் இருக்கிறது. கூடவே சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் மூன்று ஊர்களின் மாலைக்காரர் எண்களும் பொருளாளரின் போனில் சேர்ந்திருக்கின்றன. தெலுக் இந்தானுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.